குறட்டை நாவலுக்கு வந்த நாலு பக்கக் கடிதம்

பதிப்பகத்தில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு என்பது எனக்குத் தெரியும். நீங்கள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே சாயா குடிக்கும்போது யாராவது சொல்லியிருப்பார்கள். "முன்னால இங்க ஒரு அக்கா இருந்தா கேட்டியா. வாசகர் கடிதத்தை எல்லாம் அவளே எழுதி அவளே போட்டுக்கிடுவா." சொன்னவர் சிரித்திருப்பார், நீங்களும் சிரித்திருப்பீர்கள். அந்த அக்கா நான்தான். நாகர்கோவிலில் முப்பத்தொரு வருடம் பிழை பார்த்து, பிரதி திருத்தி, ஓய்வு பெற்று, இப்போது வீட்டில் தனியாக இருக்கிறேன். அந்தப் பேச்சு பொய். அந்தப் பொய்யைக் கிளப்பிவிட்டவளும் நான்தான். ஏன் கிளப்பினேன் என்று சொல்ல எனக்கு இதுவரை அனுமதி இல்லை. போன மாதம்தான் கிடைத்தது.

பிழை பார்ப்பது, பக்கம் கட்டுவது எல்லாம் உங்களுக்கு மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லித் தருவார்கள். நான் ஒரே ஒரு கடிதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு திற்பரப்பிலிருந்து ஒருவர் ஒரு நாவல் கொண்டுவந்தார். அருவிக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெயும் சோப்பும் துண்டும் விற்கிற கடை வைத்திருந்தவர். கூட்டம் இல்லாத மழைநாட்களில் கல்லாவில் உட்கார்ந்து எழுதியது. மந்திரவாதிகளுக்கு ஏவல் செய்துகொண்டிருந்த ஒரு குட்டிச்சாத்தான், இந்தக் காலத்தில் மந்திரவாதிகளுக்கே பிழைப்பு இல்லாமல் போனதால், அஞ்சுகிராமத்தில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்துத் துப்பறியும் நிலையம் ஆரம்பிக்கிறது. முதல் வழக்கு, கன்னியாகுமரி லாட்ஜில் தங்குகிறவர்களின் குறட்டை திருட்டுப் போவது. ராத்திரி குறட்டையோடு படுத்தவர்கள் காலையில் குறட்டை இல்லாமல் எழுந்திருக்கிறார்கள். திருடிய குறட்டைகளை யாரோ ஊறுகாய்ப் பரணிகளில் அடைத்து வைத்திருக்கிறார்கள். சந்தேகம் இரண்டு பேர் மேல்: லாட்ஜ் மேனேஜர், கடற்கரையில் சங்கு விற்கிற ஒரு பெண். திருடன் யார் என்று சொல்லாமலேயே, மீதி இரண்டாம் பாகத்தில் என்று மனிதர் நாவலை முடித்துவிட்டார்.

வாசித்தவர்கள் சும்மா விடவில்லை. புத்தகத்தின் பின்பக்கத்தில் பதிப்பக எண்ணைப் போட்டிருந்தோம். அந்த போன் என் மேசையில்தான் இருக்கும். சாத்தான் சுவரைத் துளைத்துக்கொண்டு போனதை ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. ஆனால் அஞ்சுகிராமத்திலிருந்து கன்னியாகுமரி போகிற பஸ்ஸில் அது வலது பக்கம் உட்கார்ந்து கடல் பார்த்ததாக ஆசிரியர் எழுதியிருந்தார். அதற்கு மட்டும் ஒன்பது பேர் சண்டைக்கு வந்தார்கள். "கடல் தெரிஞ்சா எடது பக்கம்லா தெரியும்? ஆசிரியர் அந்த ரூட்ல போயிருக்காரா இல்லியா?" ஊறுகாய்ப் பரணியில் அடைத்தால் குறட்டையில் காடி வாடை வராதா என்று ஒரு பெண் கேட்டார். சாத்தானைக் கதாநாயகனாக்கியது பெரிய தப்பு என்று ஒரு பாதிரியார் வாட்ஸ்அப்பில் பதினொரு நிமிடம் பேசினார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, இரண்டாம் பாகம் எப்போது வரும் என்று கேட்டார்.

எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் திற்பரப்புக்காரருக்குச் சொல்வேன். கடையில் ஆள் நிற்கும்போதே போனைக் காதில் வைத்துக்கொண்டு சிரிப்பார். "அக்கா, பாதர் சொன்னதை இன்னொரு மட்டம் சொல்லுங்க." இந்த மறுமொழிகளை வைத்துத்தான் அவர் இரண்டாம் பாகத்தை எழுதிக்கொண்டிருந்தார். வீட்டில் அவர் எழுதுவதை யாரும் மதிப்பதில்லை என்று ஒருமுறை சொன்னார். நானும் அந்த போன் அடிக்க வேண்டும் என்று காத்திருப்பேன். என் சொந்த போனில் கேஸ் சிலிண்டர்க்காரரைத் தவிர யாரும் கூப்பிடுவதில்லை.

இரண்டாம் பதிப்பு போட முடிவானபோது முன்பக்கங்களில் வாசகர் கடிதங்களைச் சேர்க்கச் சொன்னார்கள். எங்கள் பதிப்பகத்தில் அதற்கு ஒரு முறை இருந்தது. நான் சேர்ந்த காலத்தில் எனக்கு மேலே இருந்தவர் வகுத்தது. கடிதம் நீளமாக இருந்தால் கீழிருந்து வெட்டு. "மேல அவன் புத்தகத்தைப் பத்தி எழுதுவான். கீழ வந்தா தன்னப் பத்தி எழுத ஆரம்பிப்பான். நமக்கு எதுக்கு அது?" என்பார். முப்பது வருடம் அப்படித்தான் வெட்டினேன். எந்தக் கடிதத்தையும் முழுதாக வாசிக்க வேண்டிய தேவையே வரவில்லை. முதல் பக்கம் நன்றாக இருந்தால் எடுத்துக்கொள்வேன். மீதியை மடித்து அட்டைப்பெட்டியில் போட்டுவிடுவேன்.

அஞ்சுகிராமத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. எழுதியவருக்குச் செல்வபாய் என்று பெயர் வைத்துக்கொள்கிறேன், அது அவர் பெயர் இல்லை. கோடு போட்ட தாளில் நாலு பக்கம், நீல மை, ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. முதல் பக்கம் இப்படி:

"உங்கள் நாவலால் எங்கள் வீட்டில் சண்டை. திருடன் லாட்ஜ் மேனேஜர்தான் என்று எங்க வீட்டுக்காரர் சாதிக்கிறார். சங்கு விற்கிற பொம்பளைதான் என்பது என் கட்சி. சாய்வு நாற்காலியை விட்டு எழும்பாமலேயே என்னை மடக்கப் பார்க்கிறார். நான் விடுவதாக இல்லை. நேற்று மீன் குழம்பு அடிப்பிடித்ததற்கு உங்கள் ஆசிரியர்தான் பொறுப்பு."

வாசித்து வாய்விட்டுச் சிரித்தேன். வந்ததிலேயே இதுதான் நல்ல கடிதம் என்று முதலாவதாக வைத்தேன். பெயர், ஊர் போட்டு அச்சுக்கு அனுப்பினேன். வழக்கப்படி கடிதம் எழுதிய எல்லோருக்கும் இரண்டு பிரதிகள் தபாலில் போயின.

மூன்று வாரம் கழித்து ஒரு போன். ஆண் குரல், மஸ்கட்டிலிருந்து.

"மேடம், உங்க புத்தகத்துல எங்கம்மா எழுதின கடிதம் வந்திருக்கு."

"ஆமா, ரொம்ப நல்ல கடிதம்" என்றேன்.

"எங்கப்பா செத்து ரெண்டு வருஷம் ஆச்சு மேடம்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவரே சொன்னார். சொந்தக்காரப் பெண் ஒருத்தி அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக் குடும்பத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறாள். கீழே ஒருத்தர் மாற்றி ஒருத்தர் எழுதியிருக்கிறார்கள். பாவம், மனசு பேதலித்துவிட்டது. தனியாக விட்டால் அடுப்பைப் பற்றவைத்து மறந்துவிடுவாள். குழம்பு அடிப்பிடித்ததை அவளே எழுதியிருக்கிறாளே. சித்தப்பா நாகர்கோவிலில் முதியோர் இல்லத்தில் ஒரு இடம் பேசி முடித்துவிட்டார். வீட்டைப் பூட்டிச் சாவியைத் தானே வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். மகன் அவசர லீவு போட்டுவிட்டு அடுத்த நாள் ஊருக்கு வருகிறார்.

"அம்மா ஒண்ணும் பேசமாட்டேங்கா. அந்த ஒரிஜினல் கடிதம் உங்ககிட்ட இருக்கா? டாக்டர்ட்ட காட்டணும்" என்றார். கெட்ட மனிதர் இல்லை, பயந்துபோன மனிதர்.

தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லி போனை வைத்துவிட்டு, அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துக் கடிதத்தை எடுத்தேன். கடைசிப் பக்கத்தை அன்றைக்குத்தான் வாசித்தேன்.

மேலே எழுதியதெல்லாம் விளையாட்டு என்று அதில் இருந்தது. எங்க வீட்டுக்காரர் இறந்துவிட்டார், எனக்கு அது நன்றாகத் தெரியும், புத்தி தெளிவாகத்தான் இருக்கிறேன். ஆனால் புத்தகத்தைச் சத்தமாக வாசித்தால் இந்த இடத்தில் அவர் என்ன சொல்லுவார் என்று எனக்குத் தெரியும், நாற்பத்தொரு வருடம் கேட்ட பேச்சு அல்லவா. அவர் பங்கையும் நானே பேசிக்கொள்வேன். எங்கள் வீட்டிலும் குறட்டை காணாமல் போய்விட்டது, எந்தப் பரணியில் இருக்கிறதோ. பிறகு இப்படி முடிந்திருந்தது: "இதை அச்சில் போட வேண்டாம். மகன் பயந்துவிடுவான். யாராவது ஒருத்தர் தெரிந்துகொண்டால் போதும் என்றுதான் எழுதுகிறேன். நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. அதுவும் நல்லதுதான்."

அவர் தேர்ந்தெடுத்த அந்த ஒருத்தர் நான். மூன்று மாதமாக அந்தப் பக்கம் என் மேசைக்கு அடியில் கிடந்திருக்கிறது. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன், எனக்குப் பொறாமையாகவும் இருந்தது. சண்டை போட எனக்கு ஒரு ஆள் இருந்ததில்லை, செத்துப்போன ஆள்கூட இல்லை.

மறுநாள் காலையில் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அஞ்சுகிராமம் பஸ் ஏறினேன். மகன் வந்து சேர்வதற்கு முன்னால் கடிதத்தை அந்த அம்மாவிடம் கொடுத்துவிட வேண்டும், காட்டுவதா கிழிப்பதா என்று அவரே முடிவு செய்யட்டும் என்பதுதான் என் திட்டம். மயிலாடி தாண்டும்வரை அந்தத் திட்டம் எனக்குப் பிடித்திருந்தது.

போய்ச் சேர்ந்தபோது வாசலில் கார் நின்றது. மகன் விடியற்காலையிலேயே வந்துவிட்டார். சித்தப்பா, அவர் மனைவி, எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். மூலையில் ஒரு சாய்வு நாற்காலி. இத்தனை பேர் இருந்தும் அதில் யாரும் உட்காரவில்லை. செல்வபாய் அதன் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் இருந்தார். ஒல்லியான பெண், மூக்குக் கண்ணாடி, முந்தானையை இழுத்துச் செருகியிருந்தார். காலடியில் ஒரு பை தயாராகக் கட்டி வைக்கப்பட்டிருந்தது.

நான் யார் என்று சொன்னேன். மகன் எழுந்து நாற்காலி போட்டார். செல்வபாய் என்னை ஒருமுறை பார்த்தார், பிறகு என் கைப்பையைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் கண் அதைவிட்டு நகரவில்லை.

சித்தப்பா ஆரம்பித்தார். "நீங்களே சொல்லுங்க. செத்துப்போன எங்க அண்ணன் நாற்காலில இருந்து பேசுதான்னு எழுதுதா. இதுக்குப் பேரு வட்டு இல்லாம, பைத்தியம் இல்லாம என்ன?"

"சித்தப்பா, கொஞ்சம் பொறுங்க" என்று மகன் என் பக்கம் திரும்பினார். "மேடம், கடிதம் கொண்டுவந்தியளா?"

உங்களில் யாருக்காவது இப்படி ஒரு நேரம் வரும். யோசிக்கப் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் இருந்தது, ஆனால் அங்கே யோசித்தது எதுவும் இங்கே உதவவில்லை. கடிதத்தைக் கொடுத்தால் அந்த அம்மாவின் புத்தி தெளிவு என்பதற்கு அவர் கையெழுத்திலேயே சாட்சி இருக்கிறது. ஆனால் அதை யார் கையில் கொடுக்கிறேன்? அவர் பங்கையும் நானே பேசிக்கொள்வேன் என்ற ஒரு வரி போதும் அந்தச் சித்தப்பாவுக்கு. மீதி எதையும் வாசிக்கமாட்டார். என்னைப் போலவே அவரும் கீழே உள்ளதை வெட்டிவிடுவார். தவிர, மகனுக்குத் தெரிய வேண்டாம் என்று அந்த அம்மா எழுதியிருந்தார். ஒரு தடவை அவர் சொல்லைக் கேட்காமல் விட்டாயிற்று.

"கடிதம் இல்லை" என்றேன். "உங்கம்மா எழுதினது நாலு வரி. புத்தகம் நல்லா இருக்குன்னு மட்டும்தான். வீட்டுக்காரர், சண்டை, மீன் குழம்பு எல்லாம் நான் சேர்த்தது. படிக்கிறவங்க சிரிக்கட்டும்னு சேர்த்தேன். உங்கப்பா இல்லைன்னு எனக்குத் தெரியாது."

மகன் முகத்தில் முதலில் நிம்மதி வந்தது, அதன் பின்னாலேயே கோபம் வந்தது. இரண்டும் நியாயம்தான்.

"நீங்களே எழுதினதா?" என்றார் சித்தப்பா. "எங்க வீட்டுப் பொம்பளை பேரைப் போட்டு? படிச்ச பொம்பளைதானே நீரு? உமக்குல்லா வட்டு!"

"அப்படியே வச்சுக்கிடுங்க" என்றேன்.

மகன் தன் அம்மா முன்னால் போய் முட்டி போட்டு உட்கார்ந்தார். "ஏம்மா, இதை எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

செல்வபாய் அப்போதுதான் வாயைத் திறந்தார். "நீங்க யாராவது என்னட்ட கேட்டியளா மக்கா? பையைக் கட்டுன்னுதானே சொன்னிய."

நான் சேர்த்ததுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார் மகன். அந்த வீட்டிலிருந்த கோடு போட்ட தாளிலேயே எழுதிக் கொடுத்தேன். நான் எழுதி முடிப்பதற்குள் சித்தப்பா மனைவி போனை எடுத்துவிட்டார். அதே குரூப்பில் அந்தத் தாளும் போனது.

செல்வபாய் என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். கேட்டருகே நின்று கடிதத்தை மடித்து அவர் கையில் வைத்தேன். அவர் பிரித்துப் பார்க்கவில்லை, இடுப்பில் செருகிக்கொண்டார்.

"கடைசிப் பக்கம் வாசிச்சியளா?"

"வாசிச்சேன்."

"எப்ப?"

"நேத்து" என்றேன்.

"வெயிலு ஏறுது, பஸ்ஸு பாத்துப் போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அவர் முதியோர் இல்லத்துக்குப் போகவில்லை. வீடும் சாவியும் அவரிடமே இருந்தன. அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

மீதி விஷயங்கள் எனக்கு எதிராகப் போயின. அந்தத் தாள் குரூப் குரூப்பாகச் சுற்றி ஒரு வாரத்துக்குள் திற்பரப்புக்கும் போய்விட்டது. நாவலாசிரியர் கூப்பிட்டார். பின்னால் அருவிச் சத்தம் கேட்டது.

"அக்கா, ஒண்ணு மட்டும் சொல்லணும். அந்தப் பாதரு பதினொரு நிமிஷம் பேசினது?"

"அது நிஜம்."

"எடது பக்கம் கடல்?"

"ஒம்பது பேரும் நிஜம்."

"அஞ்சுகிராமத்து அம்மா?"

நான் பேசவில்லை. பேசியிருக்கலாம், அவர் நல்லவர். ஆனால் திற்பரப்பில் ஒருவருக்குச் சொன்ன ரகசியம் பஸ்ஸுக்கு முன்னால் அஞ்சுகிராமம் போய்ச் சேரும் என்பது நம் மாவட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும்.

"அப்ப நான் எதை நம்பது? கடையடச்சிட்டு உங்க போனுக்காக இருந்திருக்கேன் அக்கா" என்றார். போனை வைத்துவிட்டார். இரண்டாம் பாகத்தை வேறு பதிப்பகத்துக்குக் கொடுத்தார். கொடுத்தாரே தவிர, எழுதாமல் விடவில்லை. அதில் எனக்கு ஒரு ஆறுதல்.

வாசகர் போனை என் மேசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் வேலை பார்த்தேன். பாடநூல் துணைவன், சமையல் குறிப்பு, இப்படி யாரும் கடிதம் எழுதாத புத்தகங்களாகப் பார்த்துக் கொடுத்தார்கள். வழியனுப்பும் கூட்டத்தில் என் நேரம் தவறாமையைப் புகழ்ந்தார்கள். பிறகு எல்லோரும் அவரவர் வண்டியில் போனார்கள். நான் மாலையையும் ஒரு சுவர்க் கடிகாரத்தையும் பிடித்துக்கொண்டு ஆட்டோவுக்கு நின்றேன்.

நான் செய்தது சரியா என்று நீங்கள் கேட்கலாம். வாசகர் எழுதாததை எழுதியதாகச் சொல்லக்கூடாது, எழுதியதை எழுதவில்லை என்றும் சொல்லக்கூடாது. நம் தொழிலில் இரண்டுமே குற்றம். அதே கூடத்தில் மறுபடி என்னை உட்கார வைத்தாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அந்தக் கூடத்துக்கு நான் போக வேண்டி வந்ததே, அதுதான் என் தப்பு. கடைசி வரிவரை வாசிக்காமல் கையில் பேனா எடுக்காதீர்கள். உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்.

இரண்டாம் பாகம் போன மாதம் வெளிவந்தது. நானும் வாங்கினேன், ஒரே நாளில் வாசித்தேன். திருடன் மேனேஜர்தான். மனைவி போன பிறகு வீட்டில் குறட்டைச் சத்தம் இல்லாமல் தூக்கம் வராத மனிதர். லாட்ஜில் தங்குகிறவர்களின் குறட்டையைத் திருடிக்கொண்டுபோய் வீட்டில் ஒவ்வொரு பரணியாகத் திறந்துவைத்துப் படுப்பார். சிரிக்க எழுதிய இடம்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அஞ்சுகிராமத்து அம்மாவின் கடைசிப் பக்கத்தை ஆசிரியர் பார்த்ததே இல்லை. எப்படி எழுதினார் என்று தெரியவில்லை. இந்தக் கட்டுரையின் ஒரு பிரதியை அவர் கடைக்கும் அனுப்புகிறேன். எல்லாக் கடிதமும் நிஜம் தம்பி, எல்லாமே.

புத்தகம் வந்து பத்து நாளில் என் வீட்டு முகவரிக்கு ஒரு கடிதம் வந்தது. கோடு போட்ட தாள், நீல மை. பதிப்பகத்தில் விசாரித்து முகவரி வாங்கியிருக்கிறார். இந்தத் தடவை முதலில் கடைசி வரியைப் பார்த்தேன், பிறகு மேலே போய் ஒழுங்காக வாசித்தேன். மகன் லீவில் வந்தபோது எல்லாவற்றையும் அவனிடம் சொல்லி, பழைய கடிதத்தையும் காட்டிவிட்டதாக எழுதியிருந்தார். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். மூன்றாம் நாள், அப்பாவுக்கு யார் மேலம்மா சந்தேகம் என்று கேட்டானாம். என் பேரில் இருக்கிற பழியை இனி நான் தீர்த்துக்கொள்ளலாம் என்றும், இந்தக் கடிதத்தை அச்சில் போடலாம் என்றும், இடம் பற்றாது என்றால் மேலே உள்ளதை வெட்டிவிட்டுக் கடைசிப் பத்தியை மட்டும் போட வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். கடைசிப் பத்தி இது:

"மேனேஜர்தான் திருடன் என்று வாசித்ததும் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு, நீங்கதான் ஜெயிச்சிய என்று நாற்காலியைப் பார்த்துச் சொன்னேன். அவர் என்ன சொல்லுவார் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். நாற்பத்தொரு வருடத்தில் ஒரு தடவைகூட அவரிடம் நான் தோற்றேன் என்று ஒப்புக்கொண்டதில்லை. ஒப்புக்கொண்டால் அவர் என்ன சொல்லுவார் என்று எனக்குத் தெரியாது."